கணப்பும் அடுப்பும்: ஊவாத் தோட்டக் குடியிருப்பு வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

ஊவாவின் குளிர்ந்த மலைப்பகுதிகளில் புதிதாக எழும் விடுதிகள் சிலவற்றிலும் வசதிபடைத்தோர் இல்லங்களிலும் கணப்பு மூலை ஒன்று இடம்பெறக் காண்கிறோம். சுவரோடிணைந்த கல்மாடத்தில் விறகெரிய, எதிரே அமர்ந்து குளிர்காய்வதற்கான இடம் அது. மலைநாட்டு மரபு என அது போற்றப்படுகின்றது. அது யாருடைய மரபு என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

இங்கிலாந்திலேகூட புகைபோக்கியுடன் கூடிய கணப்பு தொன்றுதொட்டு எல்லோருக்கும் உரியதாய் இருந்ததன்று. மத்தியகால இல்லங்களில் கூடத்தின் நடுவே தீ வளர்க்கப்பட்டது; புகை கூரை வழியே வெளியேறிற்று. 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளிலேயே புகைபோக்கி சாதாரண வீடுகளுக்கும் பரவலாயிற்று. தம் ஊர் முதியோர் வியந்த மாற்றங்களுள் ஒன்றாகப் புகைபோக்கிகளின் பெருக்கத்தை வில்லியம் ஹரிசன் 1577இல் எழுதிய நூலிற் குறிப்பிட்டார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நிலக்கரியும் ஆலைகளும் வாழ்வை மாற்றிவிட்ட நிலையில், பழைய கணப்பு மூலை இழந்துபோன நாட்டுப்புற வாழ்வின் சின்னமாக மீட்டெடுக்கப்பட்டது. இந்த ஏக்கமே துரைமாரோடு கடல்கடந்து நம் மலைகளை வந்தடைந்தது.

அப்புத்தளையிலுள்ள அடிஷம் மாளிகை இதற்குத் தக்க சான்றாகும். சேர் தோமஸ் லெஸ்டர் வில்லியர்ஸ் 1931இல் கட்டிமுடித்த இக்கருங்கல் மாளிகை, கென்ட் பிரதேசக் கிராமம் ஒன்றின் பெயரைத் தாங்கி, டியூடர் காலப் பாணியைப் பின்பற்றி எழுந்தது. (இன்று அது பெனடிக்ற் சபைத் துறவியரின் மடமாக விளங்குகின்றது.) உலகப் பொருளாதார மந்தத்தால் தேயிலை விலை வீழ்ந்து, தோட்டத் தொழிலாளரின் கூலி குறைக்கப்பட்ட காலப்பகுதியும் இதுவே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

அதே மலையின் லயங்களிலும் நெருப்பு எரிந்தது. ஏறத்தாழ 12 அடிக்கு 10 அடி அளவினதான காம்பராவே ஒரு குடும்பத்தின் உறைவிடம். சமைப்பதும் உண்பதும் உறங்குவதும் அதற்குள்ளும் அதன் முன்னுள்ள இஸ்தோப்பிலுமே நிகழ்ந்தன. மழையில் நனைந்து கொழுந்தெடுத்து மீண்ட பெண், கவ்வாத்து மலையிற் பொறுக்கிவந்த மிலாறை எரித்தே சோறாக்கினாள். அந்த அடுப்பருகிலேயே ஈரத்துணியையும் உலர்த்தினாள். குளிருக்குக் கொடுக்கப்பட்ட கம்பளியின் விலையோ அவளது கடன் கணக்கில் ஏறியது. புகை வெளியேறத் தனிவழி இருக்கவில்லை. அது கூரையைக் கறுப்பாக்கி, கண்ணையும் நெஞ்சையும் வருத்தியது.

புகைபோக்கி கட்டும் தொழில்நுட்பம் தோட்டத்தில் இல்லாமலில்லை. பங்களாவில் அது இருந்தது. ஆகவே லயத்துப் புகையைத் தொழிலாளரின் பழக்கவழக்கமாகக் காட்டுவது பொருந்தாது. தொழிலாளரை உழைப்புச் சக்தியாக மட்டுமே கண்ட ஒரு பொருளாதார அமைப்பு, அச்சக்தியை மறுநாள் பெரட்டுக்களத்திற்கு வரச்செய்யத் தேவையான அளவிற்கே குடியிருப்பிற் செலவிட்டது.

எனினும், அடுப்படியைக் கற்பனை நயத்தோடு போற்றும் தவற்றை நாம் செய்தலாகாது. கதையும் பாட்டும் ஒப்பாரியும் வளர்ந்த இடம் அதுவெனக் கூறும் இலக்கிய ஆய்வாளர், அங்கே எழுந்த இருமலையும் கேட்டல் வேண்டும். சி.வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு 'வீடற்றவன்' எனப் பெயரிட்டமை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது.

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. துரை பங்களாக்கள் பல உல்லாசப் பயண விடுதிகளாகி, அவற்றின் கணப்புகள் இன்று விற்பனைப் பண்டமாயுள்ளன. லயங்கள் முற்றாக மறையவில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது புதையுண்டவை லயக் காம்பராக்களே. 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி அளவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட தனிவீடுகள் பெறுமதியான முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் விறகை நம்பியிருக்கும் குடும்பங்கள் வீட்டின் பின்னே தகரம் சார்த்தி அடுப்பு மூட்டுவதை அங்கும் காணலாம்.

கணப்பு மூலையை ஏளனஞ் செய்வது நம் நோக்கமன்று. குளிரில் வெம்மையை நாடுவது மனித இயல்பு. அவ்வெம்மை புகையின்றிக் கிடைப்பதே இங்கு வேண்டப்படுவது. மலையகத்திற் கட்டப்படும் ஒவ்வொரு புதிய தொழிலாளர் வீட்டின் வரைபடத்திலும் நல்ல புகைபோக்கியுள்ள அடுப்பும், நனைந்த துணி உலர்த்த ஓரிடமும், சுற்றியமர ஒரு மூலையும் இடம்பெறுதல் வேண்டும். அவை எங்கே அமைய வேண்டுமென்பதை அவ்வடுப்பை மூட்டப்போகும் பெண்களே முதலிற் கூறட்டும்.