வெற்றிடக் குழாய்க் கிட்டார் மிகைப்பி மாற்றியமைப்பு

வெற்றிடக் குழாய்க் கிட்டார் மிகைப்பி மாற்றியமைப்பு என்பது, பழைய மிகைப்பி ஒன்றின் மின்சுற்றில் உறுப்புகளைச் சேர்த்தோ, நீக்கியோ, அவற்றின் அளவுகளை மாற்றியோ அதன் ஒலியை வேறொரு மிகைப்பியின் ஒலிக்கு நெருக்கமாகக் கொண்டுவரும் செயல் ஆகும். சிறு பட்டறைகளில் குறைந்த எண்ணிக்கையில் கையால் செய்யப்படும் மிகைப்பிகள் பூட்டிக் மிகைப்பிகள் எனப்படுகின்றன. இவற்றின் விலை மிக உயர்வு என்பதால், பெருமளவில் உற்பத்தியான பழைய மிகைப்பிகளை அவற்றைப் போல ஒலிக்கச் செய்யும் முயற்சி பரவலாக நடைபெறுகிறது.

== வரலாறு ==

புகழ்பெற்ற பல மிகைப்பிகள் ஏற்கனவே இருந்த சுற்றுகளின் மாற்று வடிவங்களாகவே தோன்றின. 1962 இல் இலண்டனின் மேற்குப் பகுதியான ஹான்வெல்லில் ஜிம் மார்ஷலின் கடையில் கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோர் உருவாக்கிய ஜேடிஎம்45, அமெரிக்காவின் ஃபெண்டர் பாஸ்மேன் 5எஃப்6-ஏ சுற்றைப் பின்பற்றியது. பாஸ்மேனின் முதல் குழாயான 12ஏஒய்7 இன் பெருக்கக் காரணி ஏறத்தாழ 44 ஆகும். அதன் இடத்தில் வந்த இசிசி83 குழாயின் பெருக்கக் காரணி 100. இம்மாற்றமும், 12 அங்குல ஒலிபெருக்கிகள் நான்கு கொண்ட மூடிய பெட்டியும் ஒலியைப் பெரிதும் வேறுபடுத்தின.

1960களின் இறுதியில் கலிபோர்னியாவில் ராண்டல் ஸ்மித், ஃபெண்டர் பிரின்ஸ்டன் என்னும் சிறிய மிகைப்பியின் உள்ளே பாஸ்மேன் சுற்றையும் 12 அங்குல ஒலிபெருக்கியையும் பொருத்தினார். மேசா பூகி நிறுவனம் இதிலிருந்து வளர்ந்தது. கலிபோர்னியாவைச் சேர்ந்த அலெக்சாண்டர் டம்பிள் (இறப்பு: 2022) உருவாக்கிய ஓவர்டிரைவ் ஸ்பெஷல், ஃபெண்டர் முன்மிகைப்பியை அடிப்படையாகக் கொண்டது. தமது சுற்றைப் பிறர் படியெடுக்காதிருக்க அவர் உறுப்புகளின்மேல் எப்பாக்சிப் பிசினை ஊற்றி மூடினார். அவரது மிகைப்பிகள் ஒரு இலட்சம் அமெரிக்க டாலருக்கும் கூடுதலான விலைக்கு விற்கப்பட்டுள்ளன. நியூ ஜெர்சியில் டிரெயின்ரெக் மிகைப்பிகளைச் செய்த கென் ஃபிஷரும் (இறப்பு: 2006) இத்துறையில் குறிப்பிடத்தக்கவர்.

== மாற்றத்திற்கு ஏற்ற மிகைப்பிகள் ==

ஃபெண்டர் நிறுவனத்தை 1965 இல் சிபிஎஸ் வாங்கியது. 1960களின் இறுதியிலிருந்து 1980களின் தொடக்கம் வரை வெளிவந்த, வெள்ளி நிற முகப்புடைய ஃபெண்டர் மிகைப்பிகள் இவ்வேலைக்கு அதிகம் பயன்படுகின்றன. இவை முந்தைய கறுப்பு முகப்பு வகைகளைவிட விலை குறைந்தவை. பொதுவாக இரு தடங்கள் கொண்டவை ஆதலால், பயன்படாத தடத்தின் குழாயைப் புதிய பணிக்கு எடுத்துக்கொள்ளலாம். அடிச்சட்டத்தில் புதுத் துளை இட வேண்டியதில்லை.

== மேற்கொள்ளப்படும் மாற்றங்கள் ==

'''கூடுதல் பெருக்கப் படிநிலை:''' வழமையான ஃபெண்டர் சுற்றில் திரிபு பெரும்பாலும் வெளியீட்டுக் குழாய்களில், ஒலியளவை மிக உயர்த்தும்போதுதான் தோன்றுகிறது. முன்மிகைப்பிக்குப் பின் மேலும் ஓரிரு டிரையோடு படிநிலைகளைத் தொடராக இணைத்து, அவற்றின் இடையிலும் இறுதியிலும் அளவுக் கட்டுப்பாடுகளை வைத்தால், குறைந்த ஒலியளவிலேயே நீண்டு ஒலிக்கும் திரிபைப் பெறலாம். டம்பிள், மேசா பூகி ஆகியவற்றின் அடிப்படை இதுவே.

'''ஒலிநிறக் கட்டுப்பாடு:''' ஃபெண்டரின் ஒலிநிறச் சுற்று இடை அதிர்வெண்களைக் குறைக்கின்றது. இரு குமிழ்கள் மட்டும் உள்ள வகைகளில் இந்த அளவை 6.8 கிலோ ஓம் மின்தடை நிலையாகத் தீர்மானிக்கின்றது. அதற்குப் பதிலாக 25 கிலோ ஓம் மாறுதடையைப் பொருத்தினால் இடை அதிர்வெண்களை உயர்த்த முடியும்.

'''எதிர்மின்வாய் மின்தேக்கி:''' ஃபெண்டரில் 1.5 கிலோ ஓம் மின்தடைக்கு இணையாக உள்ள 25 மைக்ரோபாரட் மின்தேக்கி எல்லா அதிர்வெண்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் பெருக்க உதவுகின்றது. மார்ஷலின் பிற்கால வகைகளில் உள்ளதுபோல் 2.7 கிலோ ஓம், 0.68 மைக்ரோபாரட் என மாற்றினால் தாழ் அதிர்வெண்கள் குறைவாகப் பெருக்கப்படும். திரிபின்போது ஒலி குழம்பாமல் இருக்க இது உதவும்.

'''எதிர்ப் பின்னூட்டு:''' ஒலிபெருக்கியிலிருந்து சுற்றுக்குத் திரும்பும் குறிகையைக் குறைத்தால் மிகைப்பி விரைவாகத் திரிபடையும். ஒலி கரடுமுரடாகவும் முன்னிற்பதாகவும் அமையும். கூட்டினால் ஒலி தெளிவாகவும் இறுக்கமாகவும் இருக்கும்.

'''நிலை மின்னோட்டம்:''' வெளியீட்டுக் குழாய்களை மாற்றினால் நிலை மின்னோட்டத்தைச் சரிசெய்தல் வேண்டும். 6எல்6ஜிசி குழாயின் நேர்மின்வாய் தாங்கும் உச்ச வெப்பத்திறன் 30 வாட்டு. அதன் 70 விழுக்காடான 21 வாட்டு வழமையான மேல் எல்லையாகக் கொள்ளப்படுகின்றது. நேர்மின்வாயில் 450 வோல்ட்டு இருப்பின், ஒரு குழாய்க்கு ஏறத்தாழ 47 மில்லி ஆம்பியர் ஆகும்.

== அலைவுச் சிக்கல் ==

பெருக்கத்தைக் கூட்டும்போது, வெளியீட்டுப் பகுதியின் குறிகை உள்ளீட்டுக் கம்பிகளில் கலந்து, மிகைப்பி தானே அலைவுறக்கூடும். இதைத் தடுக்கவே வெள்ளி முகப்பு வகைகள் பலவற்றில் வெளியீட்டுக் குழாய்களின் கிரிட்டுகளில் 2000 பிக்கோபாரட் மின்தேக்கிகள் சேர்க்கப்பட்டன. பழைய ஒலியைப் பெறுவதற்காக இவற்றை நீக்குவோர், கம்பிகளின் போக்கையும் திருத்த வேண்டும். இல்லையெனில் அலைவு மீண்டும் தோன்றும். கம்பிகளின் இருப்பிடத்திற்கு ஃபிஷர் தமது மிகைப்பிகளில் பெரும் முதன்மை அளித்தார்.

== பாதுகாப்பு ==

இம்மிகைப்பிகளின் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னழுத்தம் இருப்பது இயல்பு. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் வடிகட்டு மின்தேக்கிகளில் உயிருக்கு ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கலாம். எனவே தகுந்த மின்தடை வழியாக மின்னிறக்கி, மின்னழுத்தம் நீங்கியதை மின்னழுத்தமானியால் உறுதிசெய்த பின்னரே கைவைக்க வேண்டும்.

பழைய அமெரிக்க மிகைப்பிகள் பலவற்றில் நிலத்தொடுப்பு இல்லாத இருகம்பி மின்வடமும், மின்வழங்கலையும் அடிச்சட்டத்தையும் இணைக்கும் மின்தேக்கியும் உள்ளன. அம்மின்தேக்கி பழுதடைந்து குறுக்கிணைப்பு ஏற்பட்டால் கிட்டாரின் கம்பிகள் வரை மின்சாரம் பாயும். மூன்றுகம்பி மின்வடம் பொருத்தி, அம்மின்தேக்கியை நீக்குவது முதல் வேலையாகக் கொள்ளப்படுகின்றது. காலப்போக்கில் தரம் குறையும் மின்பகு மின்தேக்கிகளையும் மாற்ற வேண்டும். இவற்றைச் சரிசெய்யாமல் ஒலியை மதிப்பிட்டால், பழுதையே சுற்றின் இயல்பாகக் கருத நேரிடும்.

== வரம்புகளும் விமர்சனமும் ==

மின்சுற்றை அப்படியே படியெடுத்தாலும் ஒலி முழுமையாக ஒத்துவருவதில்லை. வெளியீட்டு மின்மாற்றி, ஒலிபெருக்கி, பெட்டியின் அமைப்பு, வாசிப்பவரின் கை ஆகியவையும் ஒலியைத் தீர்மானிக்கின்றன. சில வேளைகளில் ஒலிபெருக்கியை மட்டும் மாற்றுவது, சுற்றில் செய்யும் பல மாற்றங்களைவிடக் கூடுதல் வேறுபாட்டைத் தருகின்றது.

மூலநிலையில் உள்ள பழைய மிகைப்பிகளின் எண்ணிக்கை கூடப்போவதில்லை. ஒவ்வொரு மாற்றமும் ஒரு வரலாற்றுச் சான்றை அழிப்பதாகவும் சந்தை மதிப்பைக் குறைப்பதாகவும் சேகரிப்பாளர்கள் கருதுகின்றனர். இசைக்கருவி வாசிப்பதற்கே என்பதும், இன்று போற்றப்படும் பல மிகைப்பிகள் இத்தகைய மாற்றங்களிலிருந்தே பிறந்தன என்பதும் மறுதரப்பின் வாதம். துளையிடாமல் மாற்றுதல், நீக்கிய உறுப்புகளைப் பாதுகாத்தல், செய்த மாற்றங்களை வரைபடமாக எழுதி மிகைப்பியுடன் வைத்தல் ஆகியன இருதரப்பும் ஏற்கும் வழிமுறைகளாக உள்ளன.

== இவற்றையும் பார்க்க ==

* வெற்றிடக் குழாய்
* மின்கிட்டார்
* மிகைப்பி
* மின்தேக்கி