கொடைமலைத் தோட்டங்களும் சோலைகளும்

பழனிமலைத் தொடரின் தோட்ட வரலாற்றை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் கொடைக்கானல் ஏரிக்கரையில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகின்றனர். அவ்வரலாற்றின் மற்றொரு பகுதி கீழ்மலையில், பெரும்பாறை முதலிய ஊர்களின் காப்பித் தோட்டங்களில் உள்ளது. இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்குதல் ஈண்டு நம் கருத்தாகும்.

1821-இல் வார்டு என்னும் ஆங்கிலேயர் இம்மலையை அளந்தார். 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார் கொடைக்கானலில் முதல் மனைகளை எழுப்பினர். 1863-இல் மதுரை ஆட்சியர் லெவிஞ்சு நீரோடையைத் தடுத்து ஏரி அமைத்தார். ஏரியைச் சூழ்ந்து மாளிகைகளும் அவற்றைச் சூழ்ந்து தோட்டங்களும் தோன்றின. பேரியும் பிளம்சும் ஐரோப்பியப் பூச்செடிகளும் வந்து சேர்ந்தன. 1908-இல் வன அலுவலர் பிரயண்டு ஏறத்தாழ 20 ஏக்கரில் பூங்கா ஒன்றைத் திட்டமிட்டார். அஃது இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

இத்தோட்டங்கள் அழகுடையன என்பதில் ஐயமில்லை. ஆயின் அவை எழுந்த நிலம் வறுநிலமன்று. சரிவெங்கும் புல்வெளியும், நீரோடும் மடிப்புகளில் சோலையும் அமைவதே மேல்மலையின் இயல்பு. பன்னீராண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி அப்புல்வெளிக்கு உரியது. மாளிகைத் தோட்டங்கள் அதன் சிறு பகுதியையே கொண்டன. இருபதாம் நூற்றாண்டில் தொழிற்சாலைத் தேவைக்கெனப் பரந்த அளவில் நடப்பெற்ற சீகையும் தைலமரமுமே பெருங்கேடு விளைத்தன. உழவும் உடன் பரவ, நான்கு பத்தாண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரு பங்கு மறைந்ததென 2018-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டுகின்றது.

பெரும்பாறைப் பக்கத்து நிலை இதனின் வேறு. காப்பியும் அயற்பயிரே, ஆப்பிரிக்காவிலிருந்து அரபு நாட்டு வழியாக வந்தது. எனினும் அது நிழல் வேண்டும் செடியாதலின், காட்டு மரங்கள் பலவற்றை விட்டுவைத்தே பயிரிடப்பட்டது. மிளகும் ஏலமும் ஆரஞ்சும் மலைவாழையும் ஊடுபயிராயின. கீழ்மலைக்குரிய விருப்பாச்சி வாழை 2008-இல் புவிசார் குறியீடும் பெற்றது. ஆகவே, பயிர் அயலதா உள்நாட்டதா என்பது வினாவன்று. அது முன்னிருந்ததை நீக்கி நின்றதா, அதனோடு சேர்ந்து நின்றதா என்பதே வினாவாகும்.

தமிழில் ‘கா’ என்னும் சொல் வினையாய் நின்று காத்தலையும், பெயராய் நின்று சோலையையும் உணர்த்துதல் ஈண்டுக் கருதத்தக்கது. நம் ‘சோலை’ என்னும் சொல்லும் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்காட்டிற்குரிய பெயராய் உலகத் தாவர நூல்களில் இடம்பெற்றுள்ளது. சொல் நிலைத்துப் பொருள் அழிதல் தகுமோ? தோட்ட வரலாறு எழுதுவோர் நட்டவற்றோடு நீக்கப்பட்டவற்றையும் எண்ணி எழுதுவாராயின், எஞ்சிய புல்வெளியைக் காப்பார்க்கு அஃது உறுதுணையாம்.