"அது நமக்கு உள்ளதில்ல": கல்லூரிக் கூடைப்பந்து உலக மேடை ஏறிய கதை

திற்பரப்புக்காரர்களுக்கு ஓட்டம் புதுசு இல்லை. மகா சிவராத்திரிக்கு முந்தின நாள் முன்சிறைத் திருமலையில் தொடங்கி நட்டாலம் வரை 12 சிவாலயங்களை ஓடியே கும்பிடுகிற சிவாலய ஓட்டத்தில் எங்க ஊர் மகாதேவர் கோயில் மூணாவது. காவி உடுத்து, கையில் விசிறியோடு "கோவிந்தா, கோபாலா" என்று கூப்பிட்டுக்கொண்டு வருகிறவர்கள் கோதையாற்றில் முங்கிவிட்டு அடுத்த கோயிலுக்கு ஓடிவிடுவார்கள். மொத்தத் தூரம் நூறு கிலோமீட்டருக்கும் மேலே. கேட்டால் நம்பமாட்டீர்கள், அதில் பாதிப் பேர் வேறு எந்த விளையாட்டுப் பக்கமும் தலைவைக்காதவர்கள்.

இந்தக் கட்டுரை ஓட்டத்தைப் பற்றியது அல்ல, கூடைப்பந்தைப் பற்றியது. காரணம் என் தங்கச்சி மகள். மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், கல்லூரி டீமில் ஆடுகிறாள். போன மாசம் வீட்டுக்கு வந்தவள் சாயா குடித்துக்கொண்டே கேட்டாள்:

"மாமா, எங்கள மாதிரி ஒரு காலேஜ் டீம் வெளிநாட்டு டோர்ணமெண்டுல போய் ஆடியிருக்கா? எங்க கேப்டன்கிட்ட கேட்டா, அதெல்லாம் நமக்கு உள்ளதில்லேன்னு சொல்லுதா."

எனக்கு அந்தக் கடைசி வாக்கியம்தான் உறுத்தியது. நமக்கு உள்ளது இல்லையா? அப்படியானால் ஆருக்கு உள்ளது? இரண்டு வாரம் இருந்து வாசித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

கல்லூரி வகுப்பில் பிறந்த விளையாட்டு

உலகத்தில் பெரும்பாலான ஆட்டங்களுக்குப் பிறந்த தேதி கிடையாது. கபடி எப்போ பிறந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்லுவார்கள். கூடைப்பந்து அப்படி இல்லை. 1891 டிசம்பர், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம், ஸ்பிரிங்ஃபீல்டு நகரம். ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிக் கல்லூரி. வெளியே பனி. உள்ளே ஒரே மாதிரி உடற்பயிற்சி செய்து சலித்துப்போன 18 மாணவர்கள். இவர்களைச் சமாளிக்க ஒரு வழி கண்டுபிடி என்று ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற கனடாக்கார ஆசிரியரிடம் பொறுப்பு வந்தது.

அவர் பீச் பழக்கூடை இரண்டை உடற்பயிற்சிக் கூடத்தின் மாடிக் கைப்பிடியில் இரண்டு பக்கமும் அடித்தார். அந்தக் கைப்பிடி 10 அடி உயரத்தில் இருந்தது. இன்றைக்கும் வளையத்தின் உயரம் அந்த 10 அடிதான்! 13 விதிகள் எழுதி ஒட்டினார். பக்கத்துக்கு 9 பேர். முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடை.

அந்தக் கல்லூரி சாதாரணக் கல்லூரி இல்லை என்பதைக் கவனிக்கணும். அங்கே படித்தவர்கள் ஒய்.எம்.சி.ஏ. செயலாளர்களாக உலகம் பூரா போகிறவர்கள். படிப்பு முடிந்து போன இடமெல்லாம் இந்த ஆட்டத்தையும் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார்கள். அந்த முதல் 18 பேரில் கென்சாபுரோ இஷிகாவா என்ற ஜப்பான் மாணவரும் இருந்தார்.

நமக்கு முக்கியமான ஆள் டங்கன் பாட்டன். முதல் ஆட்டத்தின் இரண்டு கேப்டன்களில் ஒருவர். இவர்தான் 1894இல் இந்தியாவுக்கு இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தவர் என்று கூடைப்பந்து வரலாறுகளில் பதிவாகியிருக்கிறது. அப்படியானால் ஆட்டம் பிறந்து மூணு வருஷம் ஆகும் முன்பே, அதை முதன்முதலில் ஆடிய ஒருவர் கையாலேயே இங்கே வந்துவிட்டது. பேச்சிப்பாறை அணை கட்டி முடித்தது 1906இல். எங்க பக்கம் கூடைப்பந்தை விட அணைதான் இளசு.

1904: ஒரே பொருட்காட்சியில் இரண்டு உலகச் சாம்பியன்

தங்கச்சி மகளின் கேள்விக்கு நேரான பதில் 1904இல் இருக்கிறது.

அந்த வருஷம் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் உலகப் பொருட்காட்சி நடந்தது. ஒலிம்பிக்கையும் அதோடு சேர்த்துவிட்டார்கள். ஜூலை மாசம் அங்கே கல்லூரி அணிகளுக்கு ஒரு கூடைப்பந்துப் போட்டி. பேர் பெரிய பேர், "ஒலிம்பிக் உலகக் கல்லூரிச் சாம்பியன்ஷிப்". வந்த அணிகள் மூணு. ஒஹாயோவின் ஹைரம் கல்லூரி, இல்லினாயின் வீட்டன் கல்லூரி, யூட்டாவின் லேட்டர் டே செயின்ட்ஸ் பல்கலைக்கழகம். ஹைரம் இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்தது.

மூணு அணியும் ஒரே நாடு. ஆனாலும் பட்டம் "உலக" பட்டம்தான். ஒலிம்பிக் கணக்கில் இது பதக்கப் போட்டியாக ஏறவும் இல்லை, செயல்விளக்கம் என்றுதான் நிற்கிறது. ஊர்க் கோயில் கொடைக்கு மூணு தெருவை வைத்துக் கபடி நடத்திவிட்டு அகில உலகக் கோப்பை என்று தட்டி வைத்தால் எப்படியோ அப்படி.

அதே பொருட்காட்சியில் இன்னொரு அணியும் இருந்தது. மொண்டானா மாநிலத்தின் ஃபோர்ட் ஷா என்ற இடத்தில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான அரசாங்கப் போர்டிங் பள்ளி ஒன்று. அந்தப் பள்ளியின் பெண்கள் டீம். ஷோஷோனி, அசினிபோயின், சிப்பேவா என்று வேறுவேறு இனத்தைச் சேர்ந்த 10 பிள்ளைகள். வீட்டை விட்டுப் பிரித்து, சொந்த மொழியை மறக்கச் செய்து, "நாகரிகம்" கற்றுக்கொடுப்பதற்கென்றே நடந்த பள்ளிகளில் ஒன்று அது. அங்கே போய் இந்தப் பிள்ளைகள் கூடைப்பந்தைப் பிடித்துக்கொண்டார்கள். 1903இல் மொண்டானாவின் இரண்டு கல்லூரிப் பெண்கள் அணிகளையும் தோற்கடித்தார்கள்.

1904இல் இவர்களைச் செயின்ட் லூயிஸுக்குக் கூட்டிப்போனது விளையாட்டு வீராங்கனைகளாக அல்ல. பொருட்காட்சியில் "மாதிரி இந்தியப் பள்ளி" என்று ஒரு கட்டடம். அதில் குடியிருக்க வைத்து, பாட்டும் வாத்தியமும் ஒப்புவித்தலும் செய்யவைத்து, போகிற வருகிறவர்களுக்குக் காட்சிப் பொருளாக வைத்தார்கள். அந்த ஆகஸ்டில்தான் "மானுடவியல் நாட்கள்" என்ற பேரில் பூர்வகுடி மக்களை ஓடவும் எறியவும் வைத்து, வெள்ளைக்காரர்களோடு ஒப்பிட்டுக் கேலி செய்த கூத்தும் அங்கே நடந்தது.

இந்தப் பிள்ளைகள் பந்தைக் கையில் எடுத்ததும் கதை மாறியது. வந்த அணியை எல்லாம் ஜெயித்தார்கள். கடைசியில் செயின்ட் லூயிஸின் தேர்ந்தெடுத்த ஆல்-ஸ்டார் அணி சவால் விட்டது. மூணு ஆட்டத்தில் இரண்டு ஜெயித்தவர் வெற்றி. முதல் ஆட்டம் 24-2. அடுத்தது 17-6. மூணாவதுக்கு வேலையே இல்லை. உலகச் சாம்பியன் என்று கோப்பையோடு ஊருக்குப் போனார்கள்.

இதில் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஆண்கள் போட்டியில் மூணு அணியும் ஒரே நாடு. பெண்கள் அணியில் ஒரே டீமுக்குள் பல இனம், பல மொழி. அதுமட்டுமா, பூர்வகுடி மக்கள் அத்தனை பேருக்கும் அமெரிக்கா குடியுரிமை கொடுத்ததே 1924இல்தான். சர்வதேசம் என்ற சொல் இந்த இரண்டில் எதற்குப் பொருந்தும்? என்னைக் கேட்டால் ஃபோர்ட் ஷாவுக்குத்தான். ஆனால் 2004இல்தான், நூறு வருஷம் கழித்து, அந்தப் பள்ளி இருந்த இடத்தில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் வந்தது. பள்ளியை 1910லேயே மூடிவிட்டார்கள்.

கல்லூரிப் பையன்களே நாட்டு அணி

ஒலிம்பிக்கில் கூடைப்பந்து பதக்கப் போட்டியானது 1936 பெர்லினில். டென்னிஸ் மைதானத்து மண் தரையில், மழையில் இறுதிப் போட்டி. பந்து தட்டினால் எழும்பவில்லை. அமெரிக்கா 19, கனடா 8. வயசான நெய்ஸ்மித் அங்கே இருந்து பார்த்தார்.

அதற்குப் பிறகு ரொம்ப காலம் கல்லூரி ஆட்டக்காரர்களே அமெரிக்க அணியின் முதுகெலும்பு. 1948இல் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் முதல் ஐந்து பேரும் அப்படியே போனார்கள். 1952இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து 7 பேர். 1988 சோலில் சோவியத் யூனியனிடம் அரையிறுதியில் தோற்றதோடு அந்தக் காலம் முடிந்தது. 1989இல் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் கதவு திறந்தது. 1992இல் போன புகழ்பெற்ற "கனவு அணி"யில் கல்லூரியிலிருந்து ஒரே ஒருவர், டியூக் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியன் லேட்னர்.

மெட்ராஸுக்கு வந்த வழி

பாட்டன் விதைத்தார். ஆனால் தமிழ்நாட்டில் வேர் பிடித்தது ஹாரி குரோ பக் என்பவரால். அவரும் ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் படித்தவர். 1920இல் மெட்ராஸில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்றைக்கு நந்தனத்தில் அண்ணா சாலை ஓரத்தில் இருக்கிறதே, அதே கல்லூரி. ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று சொல்வார்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியின் மேனேஜரும் பக்தான்.

அங்கே படித்தவர்கள்தான் பல ஊர்ப் பள்ளிகளுக்கு டிரில் மாஸ்டராக, பி.டி. மாஸ்டராகப் போனார்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்ததே இங்கேயும் நடந்தது. ஒரு கல்லூரி, அதன் மாணவர்கள், அவர்கள் போன ஊர்கள். பள்ளி மைதானத்து மூலையில் துருப்பிடித்து நிற்கிற வளையத்தைப் பார்த்தால், அதை நட்டவர் யாரிடம் படித்தார், அவர் யாரிடம் படித்தார் என்று பின்னாலேயே போய்ப் பாருங்கள். பல இடத்தில் நந்தனம் வழியாக ஸ்பிரிங்ஃபீல்டில் போய் நிற்கும்.

1934இல் டெல்லியில் முதல் தேசியப் போட்டி. 1950இல் இந்தியக் கூடைப்பந்து சம்மேளனம். இந்திய ஆண்கள் அணி ஒலிம்பிக்குக்குப் போனது ஒரே தடவை, 1980 மாஸ்கோ. பல நாடுகள் புறக்கணித்ததால் கிடைத்த இடம். 12 அணிகளில் 12ஆவது. மறைக்கிறதுக்கு ஒன்றுமில்லை. ஆனால் 2014இல் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில் சீனாவை அவர்கள் மண்ணிலேயே 65-58 என்று ஜெயித்ததையும் சொல்லணும்.

பெண்கள் பக்கம் நமக்கு இன்னும் கிட்ட. 1956 வரை நாமும் இருந்த திருவிதாங்கூர்ச் சீமையின் சங்கனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரியில் படித்த கீது அன்னா ஜோஸ், ஆஸ்திரேலியாவில் கிளப் அணிக்கு ஆடினார். 2011இல் அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறை லீக் அணிகளின் தேர்வுக்கும் போனார். சென்னை அனிதா பால்துரை 19 வயசில் இந்திய அணியின் கேப்டன். 2001 முதல் 2017 வரை தொடர்ந்து 9 ஆசியச் சாம்பியன்ஷிப் ஆடியவர். 2021இல் பத்மஸ்ரீ.

சரி, கல்லூரி டீம் போக முடியுமா?

இங்கேதான் கேப்டன் பிள்ளை சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. நம்ம நாட்டு ஏற்பாட்டில் ஒரு கல்லூரி நேராக உலகப் பல்கலைக்கழக விளையாட்டுக்குப் போய்விட முடியாது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. அதிலிருந்து பல்கலைக்கழக அணி, நம்ம பக்கத்துக்கு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். பிறகு தென்மண்டலம், பிறகு அகில இந்தியா. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம்தான் கடைசியில் ஆளைப் பொறுக்கி அனுப்பும். 1959இல் இத்தாலியின் டூரினில் தொடங்கிய போட்டி அது. 2023இல் சீனாவின் செங்டுவில் நடந்தபோது எல்லா விளையாட்டும் சேர்த்து இந்தியாவுக்கு 26 பதக்கம் வந்தது.

ஆக, டீமாகப் போவது கஷ்டம். அதில் ஒரு ஆளாகப் போவதற்கு வழி இருக்கிறது. அந்த வழியில் முதல் படி அவள் இப்போது நிற்கிற படிதான். இடையில் நிற்கிற தடை வேறு. மூணாம் வருஷம் முடிந்ததும் வீட்டில் கேட்கிற கேள்வி, "பந்து எறிஞ்சா சோறு கிடைக்குமா?" ரயில்வே, வங்கி என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தவர்கள் தொடர்ந்து ஆடினார்கள். அனிதாவும் தெற்கு ரயில்வேக்கு ஆடியவர்தான். வேலை கிடைக்காதவர்கள் பந்தைக் கீழே வைத்தார்கள். திறமைக் குறைவால் நின்றவர்களை விட இப்படி நின்றவர்களே அதிகம் என்பது என் எண்ணம்.

இதை எல்லாம் போன ஞாயிறு அவளிடம் சொன்னேன். 1936 மழையும் கனவு அணியும் அவள் காதில் ஏறவே இல்லை. ஃபோர்ட் ஷா கதையை மட்டும் இரண்டு தடவை கேட்டாள்.

"24-2ஆ மாமா? அந்த ரெண்டு பாயிண்டயும் எதுக்கு விட்டாளுவ?"

திங்கள் விடிய அஞ்சரைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு குலசேகரம் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். ஆறரைக்குப் பிராக்டீஸ். கேப்டனிடம் சொல்ல அவளுக்கு இப்போது ஒரு பதில் இருக்கிறது.