வழங்கியின் காவல் விதிகள்: மென்பொருள் மாற்றமும் தமிழ்ப் பக்கங்களும்

ஈசூன் என்னும் ஊர்ப்பெயரிலிருந்து இவ்வுரையைத் தொடங்குவோம். அன்னாசி, ரப்பர்த் தோட்டத் தொழிலில் புகழ்பெற்ற லிம் நீ சூன் (1879–1936) அவர்களின் பெயரால், சிங்கப்பூரின் வடபகுதியில் இருந்த சிற்றூர் ஒன்று நீ சூன் என வழங்கிற்று. 1970-களின் பிற்பகுதியிலிருந்து அங்கே புதுநகரம் எழுந்தபோது, அதே சீன எழுத்துகளை மாண்டரின் ஒலிப்பில் பின்யின் முறைப்படி எழுதிய வடிவம் நகரின் பெயராயிற்று. தியோச்சியூ ஒலிப்பில் நீ சூன். மாண்டரின் ஒலிப்பில் ஈசூன். 1988-இல் திறக்கப்பட்ட ரயில் நிலையம் புதிய பெயரைத் தாங்கியுள்ளது. நாடாளுமன்றக் குழுத்தொகுதியோ இன்றும் பழைய பெயரையே தாங்கியுள்ளது. அப்பகுதியின் வரலாற்றை ஆராயும் மாணவர் பழைய ஆவணங்களில் ஈசூன் என்று மட்டும் தேடினால் வெறுங்கையுடன் திரும்புவார். ஊர் அங்கேயேதான் இருக்கிறது. அதைக் குறிக்கும் எழுத்துமுறை மாறிவிட்டது.

எழுத்துமுறை மாறும்போது பழைய குறிப்புகள் பொருளிழக்கும் இந்நிலை கணினி உலகில் அடிக்கடி நேர்கிறது. இணைய வழங்கிகளின் காவல் விதிகளில் அது நேரும்போது விளைவு பெரிது. மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவிய மறுநாள் பள்ளியின் வலைத்தளம் திறக்க மறுக்கிறது; அல்லது, யாரும் அறியாமல், பூட்டியிருக்க வேண்டிய பகுதி திறந்து கிடக்கிறது. இவை ஏன் நேர்கின்றன என்பதையும், தமிழ் இணையத்தின் கதையில் இவற்றுக்குள்ள இடத்தையும் ஈண்டுக் காண்போம்.

வழங்கியும் அதன் விதிகளும்

நாம் ஒரு முகவரியைத் தட்டியதும் அதற்குரிய பக்கத்தை எடுத்து அனுப்பும் மென்பொருளே இணைய வழங்கி எனப்படும். அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மீக்கணினி மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய வழங்கி, தொடக்க ஆண்டுகளில் பரவலாக வழக்கிலிருந்தது. 1994-இல் அவர் அம்மையத்தை விட்டு நீங்கியபின் அதன் வளர்ச்சி தடைப்பட்டது. அதைப் பயன்படுத்திவந்த வலைப் பொறுப்பாளர்கள் தாம் எழுதிய திருத்தங்களை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொண்டு, 1995-இல் ஒரு குழுவாக இணைந்து உருவாக்கியதே அப்பாச்சி வழங்கி. அதன் 1.0 பதிப்பு 1995 டிசம்பர் 1-ஆம் நாள் வெளிவந்தது.

எந்தப் பகுதியை யார் பார்க்கலாம், எந்தக் கோப்பு எவருக்கும் காட்டப்படலாகாது என்பவற்றை வழங்கிக்கு உரைப்பது அமைப்புக் கோப்பு. அது வெறும் எழுத்துக் கோப்பு. வரிக்கு ஒரு கட்டளையாக மனிதர் தட்டி எழுதுவது. ஆகவே ஒவ்வொரு காவல் விதியும் ஒரு வாக்கியம். அதற்குச் சொல்லும் உண்டு, சொற்களின் முறைவைப்பும் உண்டு, நிறுத்தக்குறியும் உண்டு. இலக்கணத்தை வகுப்பது மென்பொருளின் அப்போதைய பதிப்பு.

தமிழ்ப் பக்கங்கள் சிதைந்த வரலாறு

தமிழ் இணையத்தில் ஏறிய கதையில் சிங்கப்பூருக்குத் தனியிடம் உண்டு. 1995 அக்டோபரில், நாட்டின் நான்கு மொழிக் கவிதைகளையும் தாங்கிய வலைத்தளத்தை அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். அதில் தமிழ் இடம்பெறுவதற்குச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வுப் பிரிவினரும், எழுத்தாளரும் ஆசிரியர் பயிற்றுநருமான நா. கோவிந்தசாமி அவர்களும் உழைத்தனர். கணியன் என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கியவரும் அவரே. 1997 மே மாதம் அவர் முன்னின்று நடத்திய தமிழ் இணைய மாநாடும், 2000 ஜூலையில் நடந்த மாநாடும் இந்நகரிலேயே கூடின. பின்னதில் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. கோவிந்தசாமி அவர்கள் அதைக் காண இருக்கவில்லை. 1999 மே மாதத்திலேயே மறைந்துவிட்டார்.

அம்மாநாடுகளின் தலையாய வினா எழுத்துக் குறியேற்றம் பற்றியது: கணினிக்குள் எந்த எண் எந்தத் தமிழெழுத்தைக் குறிப்பது? திஸ்கி, டாப் முதலிய 8-பிட் முறைகள் ஒருபுறமும் யூனிகோடு மறுபுறமும் நின்றன. அறிஞர்கள் இதனை ஆய்ந்துகொண்டிருந்த அதே 2000-ஆம் ஆண்டில், தமிழோடு தொடர்பே இல்லாத ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை தமிழ்ப் பக்கங்களைத் தொடப்போகும் மாற்றம் ஒன்றைக் கொணர்ந்தது.

2000 பிப்ரவரி 2-ஆம் நாள், அமெரிக்காவின் செர்ட் அமைப்பு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. வலைத்தளத்தின் தேடல் பெட்டி போன்ற இடங்களில் தீங்கான நிரல் துணுக்கை நுழைத்து, அத்தளமே அதை அனுப்பியதுபோல் பார்வையாளரின் உலாவியில் இயங்கச் செய்யலாம் என்பது அதன் சாரம். தளங்கள் இத்தகைய துணுக்கைச் சில குறிகளைக் கொண்டு அடையாளம் கண்டு வடிகட்டும். ஆனால், தான் அனுப்பும் பக்கம் எந்தக் குறியேற்றத்தில் உள்ளது என்று வழங்கி அறிவிக்காவிட்டால் உலாவி ஊகிக்கும். ஒரு குறியேற்றத்தில் தீங்கற்றதாகத் தோன்றி வடிகட்டியைக் கடக்கும் எழுத்துத் தொடர், வேறொரு குறியேற்றத்தில் படிக்கப்படும்போது நிரலாக மாறிவிடக்கூடும். ஊகத்துக்கு இடமளியாதிருப்பதே காப்பு. எனவே அதே மாதம் வெளிவந்த அப்பாச்சி 1.3.12 பதிப்பில், பக்கங்கள் அனைத்திற்கும் ஓர் இயல்பான குறியேற்றத்தை அறிவிக்கும் கட்டளை சேர்க்கப்பட்டது.

நோக்கம் நன்று. எனினும் 2002-இல் பொதுப் பயனுக்கு வந்த அப்பாச்சி 2.0-இன் மாதிரி அமைப்புக் கோப்பில், அவ்வியல்பு ஐஎஸ்ஓ-8859-1 என்று எழுதப்பட்டிருந்தது. அது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கு உரியது. பக்கத்தின் உள்ளே தமிழாசிரியர் யூடிஎஃப்-8 என்று குறித்திருந்தாலும், வழங்கி தலைப்பில் அறிவிப்பதே முந்துரிமை பெறும் என்பது அன்றைய எச்டிஎம்எல் தரத்தின் விதி. தமிழ் என்னும் சொல் யூனிகோடில் 5 குறிகளாகவும், யூடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகளாகவும் அமைவது. அப்பதினைந்தையும் தனித்தனி இலத்தீன் எழுத்தாகப் படித்த உலாவி, மேற்கோடிட்ட ஐரோப்பிய எழுத்துகளின் குவியலைத் திரையில் காட்டியது.

பின்னர் ரெட் ஹேட் வழிவந்த லினக்ஸ் வழங்கல்கள் அவ்வியல்பை யூடிஎஃப்-8 என மாற்றியபோது யூனிகோடுப் பக்கங்கள் நேராயின. அங்கே எஞ்சியிருந்த திஸ்கி, டாப் பக்கங்கள் வினாக்குறிகளாயின. பக்கத்தை எழுதியவர் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. மாறியது வழங்கியின் ஒரே ஒரு வரி.

இச்சிக்கலுக்கு எளிதில் தோன்றும் தீர்வு, அந்த வரியை நீக்கிவிடுவது. நீக்கியதும் தமிழ் தெரியும். ஆயின் எந்தக் குறியேற்றமும் அறிவிக்காத பிற பக்கங்களில் ஊகத்துக்கு மீண்டும் வழி திறக்கும். சரியான தீர்வு வேறு: தளத்தின் பக்கங்களை ஒரே குறியேற்றத்துக்குக் கொணர்ந்து, அதையே வழங்கியிலும் அறிவித்தல். முதல் வழியை மேற்கொள்ள ஒரு நொடி போதும். இரண்டாம் வழிக்கு, அந்த வரி எதற்காக எழுதப்பட்டது என்ற அறிவு வேண்டும்.

அவ்வறிவின் தேவை ஏட்டளவில் நிற்பதன்று. செர்ட் எச்சரித்த அதே வகைத் தாக்குதல், 13 ஆண்டுகள் கழித்து 2013 நவம்பரில், சிங்கப்பூர்ப் பிரதமர் அலுவலகத்தின் வலைத்தளத் தேடல் வசதியின் வழியே நிகழ்த்தப்பட்டது. அடுத்துவந்த இஸ்தானா வலைத்தள நிகழ்வும் அவ்வகையினதே.

சொன்முறை மாறிய இலக்கணம்

அப்பாச்சி 2.2 வரையிலான பதிப்புகளில், அனுமதியும் மறுப்பும் மூன்று கட்டளைகளால் எழுதப்பட்டன: ஆர்டர், அலோ, டினை. முறையே வரிசை, அனுமதி, மறு எனப் பொருள்படுவன. வரிசையில் அனுமதியை முன்னும் மறுப்பைப் பின்னும் வைத்தால், எவ்விதியிலும் அடங்காதவருக்குக் கதவு மூடப்படும். மறுப்பை முன்வைத்தால் அவருக்குக் கதவு திறக்கும். இரு சொற்களுக்கும் நடுவே காற்புள்ளி வரலாம், இடைவெளி வரலாகாது. ஒற்று மிகுவதாலும் மிகாமையாலும் பொருள் வேறுபடும் மொழியைக் கற்பிக்கும் நமக்கு இந்நுட்பம் புதிதன்று.

2012 பிப்ரவரியில் வந்த 2.4 பதிப்பு இம்மூன்றையும் ஒதுக்கி, தேவை எனப் பொருள்படும் ரிக்வயர் என்னும் ஒரே கட்டளையைத் தந்தது. பழைய சொற்களுக்குப் பொருள் கூறும் துணைக்கூறு ஒன்றும் உடன் வந்தது. அது இல்லாத வழங்கி பழைய வரியைக் கண்டதும் தவறான கட்டளை என்று கூறி இயங்க மறுத்தது. அது இருந்தும் பழைய விதியும் புதிய விதியும் கலந்து எழுதப்பட்ட இடங்களில், எதிர்பாராத மறுப்பு நேர்ந்தது. பார்வையாளர் 403 என்னும் தடை எண்ணைக் கண்டார். உபுண்டு லினக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளில், 12.04 பழைய அப்பாச்சியையும் 14.04 புதியதையும் தாங்கி வந்தன. பின்னது 2014 ஏப்ரலில் வெளிவந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலின் ஹார்ட்பிளீட் பிழை அம்மாதமே வெளிப்பட்டு, வழங்கிப் பொறுப்பாளரையெல்லாம் மென்பொருள் மாற்றத்துக்கு விரைவித்தது.

இதுவரை கூறியது ஓசையுடன் நேரும் பழுது. ஓசையின்றி நேரும் பழுதும் உண்டு. ஒரு கோப்புறைக்குள்ளேயே அதற்குரிய காவல் விதிகளை டாட் எச்டிஅக்சஸ் என்னும் சிறு கோப்பில் எழுதி வைப்பது பழைய வழக்கம். வேறு கட்டளை இல்லாதபோது வழங்கி அதை மதித்து நடந்தது. 2.4 பதிப்பில் இவ்வியல்பு தலைகீழாயிற்று: வெளிப்படையாக இசைவு தந்தாலன்றி வழங்கி அச்சிறு கோப்பைப் படிப்பதேயில்லை. ஆகவே, பழைய இயல்பை நம்பிக் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருந்த கோப்புறை, பதிப்பு மாறியபின் பிழைச்செய்தி ஏதுமின்றித் திறந்து கிடக்கக்கூடும். மூடிக்கொண்ட கதவைப் பற்றி முறையிட ஆயிரம் பேர் வருவர். திறந்துகொண்ட கதவைப் பற்றிக் கூற ஒருவரும் வாரார்.

ஒரு பழைய வரி காத்த காவல்

மூடிய கதவைத் திறக்கும் அவசரத்தில், எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் அனுமதி என்று எழுதிவிடுவோர் பலர். அதன் விளைவை 2021 காட்டிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் வந்த அப்பாச்சி 2.4.49 பதிப்பு, முகவரிப் பாதையைச் சீராக்கும் பகுதியில் புதிய குறை ஒன்றைத் தன்னுள் கொண்டிருந்தது. வலைத்தளக் கோப்புறைக்கு வெளியே உள்ள கோப்புகளையும் அதன் வழியே படிக்க முடிந்தது. அக்டோபர் 4-இல் வந்த 2.4.50 அதை முழுதும் அடைக்கவில்லை; 7-ஆம் நாள் 2.4.51 வெளியிடப்பட்டது. இதில் கருதத்தக்கது ஒன்றுண்டு. அப்பாச்சியின் மாதிரி அமைப்புக் கோப்பில், வழங்கியின் வேர்க் கோப்புறை முழுவதற்கும் அனைவருக்கும் மறுப்பு என்னும் வரி நெடுநாளாக இருந்துவந்தது. பயனற்றதுபோல் தோன்றும் அவ்வரியை நீக்காமல் வைத்திருந்த வழங்கிகளில், வெளிக்கோப்புகளைப் படிக்கும் முயற்சி அங்கேயே தடுக்கப்பட்டது.

நாம் கைக்கொள்ள வேண்டுவன

இவ்வரலாறு பள்ளிகளிலும் அமைப்புகளிலும் தளம் நடத்துவோர்க்குச் சில நடைமுறைகளைக் கற்பிக்கிறது. பதிப்பை மாற்றுமுன் அமைப்புக் கோப்புகளைப் படியெடுத்து வைத்தல் வேண்டும். வழங்கியை மீண்டும் இயக்குமுன் அதன் இலக்கணச் சோதனைக் கட்டளையை இயக்கிப் பார்த்தல் வேண்டும். பழுது நேர்ந்தால் ஊகத்தை விடுத்துப் பிழைப் பதிவேட்டைப் படித்தல் வேண்டும். எந்தக் கோப்பு எந்த விதியால் மறுக்கப்பட்டது என்பது பெரும்பாலும் அங்கே எழுதப்பட்டிருக்கும். எல்லாம் சரியானதாகத் தோன்றிய பின்னரும், அயலார்போல் வெளியிலிருந்து நுழைந்து, மூடியிருக்க வேண்டியவை மூடியுள்ளனவா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தல் வேண்டும்.

இவற்றினும் முதன்மையானது காரணத்தை எழுதி வைத்தல். அப்பாச்சியின் அமைப்புக் கோப்பில் எண் குறியுடன் தொடங்கும் வரியை வழங்கி படிக்காது. அது மனிதர்க்காக ஒதுக்கப்பட்ட வரி. ஒவ்வொரு காவல் விதிக்கும் மேலே, அது எந்த ஆண்டில் எந்த இடருக்காக எழுதப்பட்டது, எந்நிலையில் அதை நீக்கலாம் என்று இரண்டு வரி எழுதினால், பின்வருபவர் விதியின் பழைய சொற்களை விட்டுப் பொருளைப் புதிய இலக்கணத்தில் எழுதிக்கொள்வார். நீ சூன் என்பதே ஈசூன் என்று ஒருவர் குறித்து வைத்தமையால்தானே அடுத்த தலைமுறை இரண்டையும் ஓரூராக அறிகிறது? அவ்விரண்டு வரிகளைத் தமிழிலேயே எழுதலாம். கோப்பை யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால், எழுதிய தமிழ் எழுதியவாறே நிற்கும்.