கங்கைக்கும் ஒரு ஜமீன்தார்

ஜமீன்தாரி ஒழிப்பு பற்றிப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். பீகாரில் அதற்கான சட்டம் 1950-ல் வந்தது. நிலத்து ஜமீன்தார் போனார். ஆனால் தண்ணீருக்கு ஒரு ஜமீன்தார் இருந்தாரே, அவர் போகவில்லை. அதுவும் ஏதோ ஊர்க்குளத்துக்கு இல்லை சார், சாட்சாத் கங்கைக்கு!

நான் வேலை பார்க்கும் பாகல்பூர் பக்கத்துக் கதைதான் இது. மேற்கே சுல்தான்கஞ்சிலிருந்து கிழக்கே பீர்பைந்தி வரை கங்கை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடுகிறது. இந்த நீளம் முழுவதையும் இரண்டு குடும்பங்கள் பங்கு போட்டு வைத்திருந்தன. அவர்களுக்கு 'பானிதார்' என்று பெயர். பானி என்றால் தண்ணீர், மீதி உங்களுக்கே புரியும். மொகலாயர் காலத்திலிருந்தே உரிமை எங்களுடையது என்பது அவர்கள் கட்சி. 'ஜல்கர்' என்கிற நீர்வரி அந்தக் காலத்து வார்த்தைதான். 1793-ல் வெள்ளைக்காரன் நிரந்தர ஜமீன் ஏற்பாட்டைக் கொண்டுவந்தபோது இதுபோன்ற மீன்பிடி வரிகளும் ஜமீன் கணக்கோடு ஒட்டிக்கொண்டன.

நம்ம ஊரிலும் கண்மாய்க்கு மீன்பாசி குத்தகை உண்டே என்பீர்கள். உண்டுதான். ஆனால் அதற்கு ஏலம் உண்டு, கெடு உண்டு, அடுத்த வருஷம் வேறொருவர் எடுக்கலாம். பானிதாரிக்குக் கெடுவே கிடையாது. அப்பனுக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன். ஜமீன்தாரி ஒழிந்துவிட்டதே என்று கேட்டால், சட்டம் சொல்வது நிலத்தை, ஓடும் தண்ணீர் நிலமாகுமா என்று பதில் வரும். வழக்கு மேல் வழக்காக வருஷங்கள் ஓடின. (வக்கீல்களுக்கு மட்டும் எந்த ஆற்றிலும் மீன் கிடைக்கும்.)

இந்த வரி யார் தலையில் விழுந்தது என்று தெரிய வேண்டுமானால் ஐப்பசிக் கடைசியில் ஒரு விடியற்காலை ஆற்றுக்குப் போக வேண்டும். சட் பூஜை முடிந்த வாரத்தில் கஹல்காவ் அருகே ஒரு வயதான படகுக்காரரோடு போனேன். ஐந்து மணிக்குக் கரையும் தெரியவில்லை, தண்ணீரும் தெரியவில்லை. பனிமூட்டம் பாலை ஊற்றினமாதிரி. படகு இரண்டு ஆள் அகலம்கூட இல்லை. பின்னால் அவர் மகன் துடுப்போடு நிற்க, முன்னால் அவர் வலையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். வலை ஆற்றின் போக்கில் தானே மிதந்து போகும், படகும் கூடவே போகும். மழைக்காலத்துக் கலங்கல் தெளிந்துவிட்டால் மீனுக்கு வலை கண்ணில் பட்டுவிடுமாம். அதனால் வெளிச்சம் வருவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். பனியில் இன்னொரு பயம், சரக்குக் கப்பல். 1986-லிருந்து இந்தக் கங்கை முதலாம் தேசிய நீர்வழி. ஹல்தியாவிலிருந்து அலகாபாத் வரை 1,620 கி.மீ. அடிக்கொரு தரம் துடுப்பை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"சாச்சா, அந்தக் காலத்தில் இதற்கும் காசு கட்டணுமா?" என்றேன்.

"காசும் கட்டணும் பாபு, கரைக்கு வந்ததும் நல்ல மீனாப் பொறுக்கி அவங்க ஆளுங்களுக்குக் கொடுக்கவும் வேணும்" என்றார் அவர்.

பானிதார் நேராக வரமாட்டார். அவருக்குக் கீழே குத்தகைக்காரர், அவருக்குக் கீழே தடியோடு ஆட்கள். மீனவர்களில் பெரும்பாலோர் நிஷாத், மல்லா சமூகத்தார். குகன் எங்கள் முன்னோன் என்று சொல்லிக்கொள்பவர்கள். ராமனுக்கே படகு விட்டவனின் வாரிசு, அதே கங்கையில் வலை போட யாரோ ஒருவருக்குக் கப்பம் கட்டியிருக்கிறான்!

1982 பிப்ரவரி 22-ம் தேதி கஹல்காவில், காக்ஜி டோலா என்ற மீனவர் குடியிருப்பில், 'கங்கா முக்தி ஆந்தோலன்' தொடங்கியது. ஜெயப்பிரகாஷ் நாராயண் இயக்கத்திலிருந்து வந்த இளைஞர்கள் கூட நின்றார்கள். இனி வரி கட்டுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். அடியாட்கள் வந்தாலும் கை ஓங்குவதில்லை என்றும் முடிவெடுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம், பெண்கள் இதில் இறங்கியதும் சண்டை பானிதாரோடு நிற்கவில்லை. வீட்டு ஆண்களின் சாராயத்துக்கும் சேர்த்துத்தான் போராடினார்கள். குர்சேலாவிலிருந்து பாட்னா வரை படகிலேயே ஊர்வலம் போனார்கள்.

ஒன்பது வருஷம் ஆயிற்று. 1991-ல்தான் லாலு பிரசாத் அரசு பானிதாரியை ஒழித்து, பாரம்பரிய மீனவர்கள் ஆறுகளில் வரியில்லாமல் மீன் பிடிக்கலாம் என்று அறிவித்தது. நாடு சுதந்திரம் அடைந்து 44 வருஷம் கழித்து!

ஆனால் ஆறு கைக்கு வந்தபோது மீன் குறைந்துவிட்டிருந்தது. கல்கத்தா துறைமுகம் மண் மூடாமல் இருக்க ஹூக்ளிக்குத் தண்ணீர் திருப்பவென்று, கீழே பராக்காவில் 1975-ல் தடுப்பணை வந்துவிட்டது. கடலிலிருந்து முட்டையிட ஆறேறி வரும் ஹில்சா முன்பெல்லாம் அலகாபாத் தாண்டிப் போகுமாம். அணைக்குப் பிறகு மேலே வருவது அபூர்வம். சாச்சாவின் அப்பா பிடித்தது ஹில்சா, அவர் மகன் பிடிப்பது பெரும்பாலும் விரல் நீளத்துக்கு.

அதே 1991-ல் சுல்தான்கஞ்ச் முதல் கஹல்காவ் வரையிலான கங்கை ஓங்கில் சரணாலயமாகவும் ஆனது. ஓங்கிலைக் காப்பாற்ற வேண்டியதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் வரி வாங்கியவன் போன வருஷமே வலைக்குக் கட்டுப்பாடும் வந்தது. போதாததற்கு ஆற்று நடுவே மணல்திட்டுகளில் துப்பாக்கியோடு திரிகிற ரவுடிகள். அவர்களுக்குச் சட்டமும் தெரியாது, சரணாலயமும் தெரியாது, மாமூல் மட்டும் தெரியும்.

வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றோரப் பள்ளங்களில் தேங்கும் தண்ணீரை இங்கே 'கோல்', 'டாப்' என்கிறார்கள். மீன் நிறைய நிற்பது அங்கேதான். அது ஆறு என்கிறார் மீனவர், ஆகவே வரி இல்லை. குளம் என்கிறார் குத்தகைக்காரர், ஆகவே ஏலம் உண்டு. 1991-க்குப் பிறகும் அந்தத் தகராறு ஓயவில்லை.