தேவாலயத்துக்குள் ஆக்சிஜன் குழாய்

வழிபாட்டு மண்டபத்தின் சுவரில் ஆக்சிஜன் இணைப்பு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். டோக்கியோவில் செயின்ட் லூக் மருத்துவமனைக்கு 1992இல் புதுக் கட்டடம் எழுந்தபோது பலரும் அப்படித்தான் கேட்டனர். ஆனால் அங்கே தலைமை வகித்த ஷிகேயாகி ஹினோஹரா என்ற மருத்துவர் 1945ஆம் ஆண்டுக் குண்டுவீச்சைக் கண்டவர். தீக்காயங்களோடு வந்தவர்களுக்குச் சிகிச்சையளிக்க இடமும் வசதியும் இன்றித் தவித்தவர். ஆகவே நடைகூடங்களிலும் தேவாலயத்திலும்கூடக் குழாய் பதிக்கச் செய்தார்.

1995 மார்ச் 20 காலை, ஓம் ஷின்ரிக்யோ கூட்டத்தார் சுரங்க ரயில்களில் சாரின் என்னும் நரம்பு நச்சைப் பரப்பினர். மருத்துவமனைக்கு முதலில் எட்டிய செய்தியோ, ரயில் நிலையத்தில் வாயு வெடிப்பு என்பது! மருத்துவர்கள் தீக்காயத்துக்கும் கார்பன் மோனாக்சைடு நச்சுக்கும் ஆயத்தமாயினர். வந்தவர்களின் உடலில் தீக்காயமே இல்லை. கண்ணில் வலி, மங்கிய பார்வை, ஊசிமுனையாய்ச் சுருங்கிய கண்பாவை. அன்று மட்டும் 640 பேர். தேவாலயமும் நிரம்பியது.

நரம்பு தசைக்கு ஆணையிடும்போது அசிட்டைல்கோலின் சுரக்கிறது. வேலை முடிந்ததும் ஒரு நொதி அதைச் சிதைக்கிறது. சாரின் அந்த நொதியை முடக்கிவிடுவதால் ஆணை ஓய்வதில்லை. கண்பாவை சுருங்குகிறது, மிகுந்தால் மூச்சுத் தசைகளே செயலிழக்கின்றன.

இந்த அறிகுறிகளைத் தொலைக்காட்சியில் கேட்டு, இது சாரின்தான் என்று ஐயுற்றவர் நாகானோவில் இருந்த யானகிசாவா என்ற மருத்துவர். 1994 ஜூனில் மாட்சுமோட்டோ நகரில் இதே நச்சுக்கு ஆளானவர்களைப் பார்த்த அனுபவம் அவருக்கு இருந்தது. டோக்கியோ மருத்துவமனைகளுக்கு அவரே தொலைபேசியில் கூறினார். காவல்துறை சாரின் என்று அறிவித்தபோது மணி ஏறக்குறைய 11. அட்ரோபினும் பிராலிடாக்சைமும் மருந்தாயின.

ஒன்றுமட்டும் விடுபட்டுப் போயிருந்தது. சாரின் ஒரு நீர்மம். தண்ணீரைவிட மெதுவாகவே ஆவியாகும். அதனாலேயே ஆடையில் தங்கிச் சிறிது சிறிதாக ஆவியை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். வாசலில் உடை களைந்து உடலைக் கழுவும் ஏற்பாடு அங்கே இல்லை. போதிய காற்றோட்டம் இல்லாத தேவாலயத்தில் ஆவி சேர்ந்தது. பிறகு விசாரித்தபோது, பதிலளித்த பணியாளர்களுள் 23 விழுக்காட்டினர் தமக்கும் கண் வலியும் தலைவலியும் போன்ற அறிகுறிகள் தோன்றியதாகக் கூறினர். ஹினோஹராவின் கட்டடம் 640 பேருக்கும் இடம் கொடுத்தது. அவர்கள் ஆடையோடு உள்ளே வந்த நச்சை அது எதிர்பார்க்கவில்லை.