சாக்ரமெந்தும்: சிப்பாயின் சத்தியமும் கிண்ணத்தின் இரத்தமும்

கி.பி. 112 வாக்கில், கருங்கடலோர மாகாணமான பித்தினியாவின் ரோமானிய ஆளுநர் இளைய பிளினி, பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் என்று பிடிபட்டவர்களை விசாரித்ததில் அவருக்குத் தெரியவந்தது இவ்வளவுதான்: குறித்த நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள், திருடுவதில்லை, விபசாரம் செய்வதில்லை, நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கேட்டால் இல்லையென்பதில்லை என்று சத்தியம் செய்துகொள்கிறார்கள், கலைந்துபோய், மறுபடி கூடிச் சாப்பிடுகிறார்கள். இதை உறுதிசெய்துகொள்ள இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதையும் செய்தார் அந்தக் கனவான். சத்தியத்துக்கு அவர் போட்ட லத்தீன் சொல் ‘சாக்ரமெந்தும்’. நற்கருணைக்கும் ஞானஸ்நானத்துக்கும் மேற்கத்திய சபைகள் வழங்கும் பொதுப்பெயர் இதுதான். ஆனால் பிளினிக்குத் தெரிந்த சாக்ரமெந்தும் கோயிலுக்குள் பிறந்ததல்ல.

பழைய ரோமானிய வழக்குமன்றத்தில் வாதியும் பிரதிவாதியும் வைத்த பணயத்துக்கு அந்தப் பெயர். வழக்கின் மதிப்பு 1000 அஸ் நாணயத்துக்குக் குறைந்தால் 50, அதற்கு மேல் 500. தோற்றவனின் பணம் பொதுக் கருவூலத்துக்குப் போனது. படையில் அதே சொல் சிப்பாயின் சத்தியத்தைக் குறித்தது. ஒருவன் முன்வந்து பிரமாணம் முழுவதையும் சொல்வான். மற்றவர்கள் ஒவ்வொருவராக ‘எனக்கும் அதுவே’ என்று முடித்துக்கொள்வார்கள். சொல்லின் வேர் ‘சாக்கர்’: தெய்வத்துக்கென்று ஒதுக்கப்பட்டது; சபிக்கப்பட்டது என்றும் பொருள். சத்தியம் காத்தவனும் தெய்வத்தின் கையில், மீறியவனும் தெய்வத்தின் கையில்.

இந்தச் சொல்லைச் சபைக்குள் வேரூன்றச் செய்தவர்களில் முதன்மையானவர் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன். கி.பி. 211-ஐ ஒட்டி, தலையில் வாகை சூட மறுத்த ஒரு சிப்பாயை ஆதரித்து அவர் ஒரு நூல் எழுதினார். தெய்வத்துக்குச் செய்த சாக்ரமெந்துமின் மேல் மனிதனுக்கு இன்னொன்றா என்று அதில் கேட்கிறார். நற்கருணையையும் அதே சொல்லால் குறிக்கிறார். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோமின் லத்தீன் வேதாகமம் வந்தபோது, ‘மறைபொருள்’ எனப்படும் கிரேக்க ‘மிஸ்தேரியோன்’ பல இடங்களில் சாக்ரமெந்தும் ஆயிற்று. மறைபொருள் மேலே மிதந்தது; சத்தியம் அடியில் தங்கிவிட்டது.

அப்படியானால் சத்தியம் என்பது லத்தீன்காரர்கள் ஒட்டவைத்த சரக்கா? இல்லை. எபிரெய வேதத்தில் உடன்படிக்கைக்குப் பெயர் ‘பெரித்’. அதைச் ‘செய்வது’ என்று சொல்லமாட்டார்கள், ‘வெட்டுவது’ என்பார்கள். ஆதியாகமம் 15-ல் ஆபிராம் மூன்று வயதுக் கிடாரியையும் வெள்ளாட்டையும் ஆட்டுக்கடாவையும் நடுவே பிளந்து எதிரெதிராக வைக்கிறார்; இருட்டியதும் அந்தத் துண்டங்களுக்கு நடுவே புகையும் தீயும் கடந்துபோகின்றன. உடன்படிக்கையை மீறினால் இந்தக் கதி எனக்கு என்பது அதன் பொருள். எரேமியா 34 அதை வெளிப்படையாகவே சொல்கிறது. யாத்திராகமம் 24-ல் மோசே காளைகளின் இரத்தத்தில் பாதியைப் பலிபீடத்தின் மேலும், மறுபாதியை ஜனங்களின் மேலும் தெளிக்கிறார். பிறகு மூப்பர்கள் எழுபது பேர் மலையேறிப்போய்த் தெய்வ சந்நிதியில் சாப்பிட்டுக் குடிக்கிறார்கள். சத்தியம், இரத்தம், விருந்து மூன்றும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன.

கடைசி இராப்போஜனத்தின் கிண்ணம் இங்கிருந்துதான் வருகிறது. மத்தேயுவும் மாற்கும் உடன்படிக்கையின் இரத்தம் என்று மோசேயை எதிரொலிக்கிறார்கள். லூக்காவும் பவுலும் ‘புதிய’ என்ற அடைமொழியை எரேமியா 31-இலிருந்து சேர்க்கிறார்கள். உடன்படிக்கைக்கு அவர்கள் எழுதிய கிரேக்கச் சொல் ‘தியாத்தேக்கே’. சமமான இருவர் கூடிச் செய்யும் ஒப்பந்தத்துக்குச் ‘சுந்தேக்கே’ என்று வேறு சொல் இருந்தும் அதை எடுக்கவில்லை. தியாத்தேக்கே ஒருவர் தாமாக வகுத்துவைப்பது. மரண சாசனத்துக்கும் அதுவே பெயர். தமிழில் ‘புதிய ஏற்பாடு’ என்று பெயர் வைத்தவர்கள் அந்த வேருக்கு வெகு அருகே போயிருக்கிறார்கள் என்பது என் கணிப்பு.

கொரிந்து சபைக்குப் பவுல் விடுத்த எச்சரிக்கையும் இப்படிப் பார்த்தால்தான் விளங்கும். தகுதியின்றிப் பானம்பண்ணுவோர் தங்களுக்கே தீர்ப்பைக் குடிக்கிறார்கள், அதனால்தான் உங்களில் பலர் நோயாளிகள், சிலர் இறந்தும் போனார்கள் என்கிறார். வெறும் நினைவு விருந்துக்கு இவ்வளவு கடுமை எதற்கு? பொய்ச்சத்தியத்துக்கு விழும் சாபம் இது.

தமிழில் சத்தியத்தின் வாடையே இல்லாத பெயர்கள் நிலைத்துவிட்டன. கத்தோலிக்கர் பேச்சில் நற்கருணை ‘நன்மை’. பிள்ளைக்கு முதல்முறை என்றால் ‘புதுநன்மை’. சீர்திருத்த சபையார் இராப்போஜனம், திருவிருந்து என்பார்கள். சாக்ரமெந்துமுக்கு ‘தேவதிரவிய அனுமானம்’ என்றொரு நீளமான பெயர் இருந்தது; இப்போது ‘அருளடையாளம்’. எல்லாமே அருளையும் கொடையையும் சொல்பவை, எதுவும் தவறில்லை.

ஆனாலும் பழைய சத்தியம் ஓரிடத்தில் மிஞ்சியிருக்கிறது. உபாகமம் 27-ல் லேவியர் பன்னிரண்டு சாபங்களைக் கூறுவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஜனங்கள் ‘ஆமென்’ என்று ஒப்ப வேண்டும். ரோமச் சிப்பாயின் ‘எனக்கும் அதுவே’ செய்த வேலையைத்தான் அது இஸ்ரவேலில் செய்தது. இன்றும் கத்தோலிக்கப் பூசையில் குருவானவர் அப்பத்தைக் காட்டி ‘கிறிஸ்துவின் திருவுடல்’ என்றதும், வாங்குகிறவர் சொல்ல வேண்டிய பதில் ‘ஆமென்’ என்ற ஒரே சொல். தமிழிலும் அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.